கூரை சுத்தம்

அந்தச் சந்தில் பதினொரு வீடுகள். பதினொரு வீட்டுக்கும் குடிதண்ணீர் ஒரே தொட்டியிலிருந்துதான். தொட்டி சந்தின் நட்டநடுவே தரைக்கு அடியில் இருந்தது. மேலே ஒரு இரும்பு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. தெருக்குழாயிலும் தண்ணீர் வரத்தான் செய்தது. துணி துவைக்கலாம், தரை கழுவலாம். வாயில் வைத்தால் மட்டும் முகம் கோணிப்போகும், அவ்வளவு உப்பு. ஆகவே வருஷம் முழுக்கக் குடிக்கவும் சமைக்கவும் மழையே கதி. பதினொரு மொட்டைமாடியிலும் விழுகிற மழை குழாய் வழியே இறங்கி, கல் மூடிய வாய்க்காலில் ஓடி, தொட்டியில் போய்ச் சேரும்.

தொட்டியை யார் வேண்டுமானாலும் கட்டிவிடலாம். பதினொரு குடும்பத்தை ஒரே மாதிரி நடக்க வைப்பதுதான் பெரும்பாடு. அதற்கு அந்தச் சந்தில் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலம் தொடங்குமுன் ஒருநாள் காலையில், தொட்டிச் சாவியை வைத்திருப்பவர் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று "கூரை?" என்று கேட்பார். வீட்டில் இருப்பவர் "கூரை சுத்தம்" என்று சொல்ல வேண்டும். ஓட்டுக்கூரைகள் போய் மொட்டைமாடிகள் வந்து எத்தனையோ காலம் ஆகியும் கேள்வி மாறவில்லை. யாரும் மேலே ஏறிப் பார்ப்பதில்லை. சொன்னால் சொன்னதுதான். "நான் ஏறிப் பார்க்கட்டுமா?" என்று கேட்பது அங்கே கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

சாவி அப்போது இஸ்திரி போடும் அக்காவிடம் இருந்தது. சந்து முனையில் தள்ளுவண்டி போட்டு, வருகிற போகிறவர் சட்டையோடு அவர்கள் குணத்தையும் சேர்த்துத் தேய்த்து மடித்து வைக்கிற பெண்பிள்ளை. அவள் அன்று காலை ஏழாவது வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது, உள்ளே தையல்காரி மெஷினை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள் இருந்தது. நூற்று நாற்பது சீருடையில் அறுபது இன்னும் வெட்டின துணியாகவே கிடந்தது. கணவன் பஸ் கண்டக்டர். விடியுமுன் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். மகளுக்குக் கல்லூரிப் பரீட்சை. மாடிக்குப் போகிற மர ஏணியில் இரண்டு படி உடைந்திருந்தது.

"கூரை?" என்றாள் அக்கா.

"கூரை சுத்தம்கா" என்றாள் தையல்காரி, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.

அக்கா எட்டாவது வீட்டுக்கு நடந்துவிட்டாள். பொய் சொன்னோம் என்றுகூட அந்த நேரத்தில் தையல்காரிக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் ஏறிக் கூட்டிவிட்டால் அது உண்மையாகிவிடும்தானே? நம்மில் பாதிப் பேர் சொல்கிற பொய்கள் இப்படி முன்கூட்டியே சொல்லப்பட்ட உண்மைகள்தான். சாயங்காலம் வந்தது, போனது. மறுநாளும் வந்தது, போனது. மாடியில் மூன்று கோணிப்பை நிறைய வெட்டுத்துணி கிடந்தது. வீட்டில் இடம் இல்லாமல் ஒரு வருஷமாக அவள் மேலே எறிந்து வைத்தது. வெயிலில் கோணி இற்றுப்போய், உள்ளே எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். இரவில் தலைக்கு மேல் ஓடுகிற சத்தம் கேட்கும்.

முதல் மழையைத் தொட்டிக்குள் விடுவதில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலோரத்திலும் குழாயின் நுனியில் ஒரு வளைந்த துண்டு இருக்கும். அதைத் தெருப்பக்கமும் திருப்பலாம், வாய்க்கால் பக்கமும் திருப்பலாம். முதல் மழை மாடியைக் கழுவி, தெருவோடு போய்விடும். இரண்டாவது மழைக்கு முன் அக்கா மூடியைக் கல்லால் மூன்று தட்டுத் தட்டுவாள். பதினொரு வீட்டிலும் குழாயை உள்பக்கம் திருப்புவார்கள்.

அந்த வருஷம் முதல் மழை பெயருக்குத் தூறிவிட்டுப் போயிற்று. இரண்டு நாள் கழித்து, மத்தியானம், வானம் கறுத்து இறங்கியது. அக்கா மூடியைத் தட்டினாள். தையல்காரி வாசலுக்கு வந்து குழாயில் கையை வைத்தாள். அவள் திருப்பாமல் விட்டிருக்கலாம். அவள் வீட்டுத் தண்ணீர் மட்டும் தெருவோடு போயிருக்கும். தொட்டிக்கு ஒன்றும் வந்திருக்காது. ஆனால் எதிர்வீட்டு வெல்டர் தன் குழாயைத் திருப்பிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தபடி நின்றான். பத்து வீட்டுக் குழாயும் உள்ளே பார்க்க, இவள் குழாய் மட்டும் தெருவில் கொட்டினால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திருப்பினாள்.

மழை ஒன்றரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. சந்தே வாசலில் நின்று பார்த்தது. ஒன்பதாவது வீட்டுக்காரர் கைதட்டக்கூடச் செய்தார். அவர் அந்தச் சந்துக்கு வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் லிப்ட் இயக்குகிற வேலை. வரும்போது மனைவியோடு இருபது புறாவையும் கொண்டுவந்தார். அதனால் புறாக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. புறாவை வைத்துக்கொண்டு தொட்டியில் சேரக் கூடாது என்று முதலில் பேச்சு எழுந்தது. மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கூண்டை மாடியிலிருந்து கொல்லைக்கு இறக்கினார். வாரத்துக்கு இரண்டு முறை மாடியைத் தேய்த்துக் கழுவினார். அக்கா முதன்முதலாக அவர் வாசலில் நின்று கேட்ட அன்று, அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட பையனைப் போல நிமிர்ந்து நின்று, "கூரை சுத்தம்" என்று சந்து முழுக்கக் கேட்கச் சொன்னாராம். அதைச் சொல்லி அக்கா இரண்டு நாள் சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் தையல்காரி குழாயடியில் இருந்த சல்லடைக் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். நீல நூல், ஊறிப்போன துணித்துண்டு, எலி ரோமம், நாற்றம். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கூடையைக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கொட்டிப் புதைத்தாள். பிறகு உடைந்த ஏணியில் எப்படியோ ஏறி, மூன்று கோணியையும் இழுத்துக் கீழே தள்ளினாள். ஒரு கோணிக்கு அடியில் செத்த எலிகள் கிடந்தன. எத்தனை என்று அவள் எண்ணவில்லை.

அப்போதே அக்காவிடம் ஓடியிருக்க வேண்டும். "அக்கா, யாரும் தண்ணி எடுக்காதீங்க" என்று நாலு சொல் சொல்லியிருந்தால் போதும். அவள் வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மகளுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி, குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அன்றைக்கும் கொதிக்க வைத்தாள், மறுநாளும், அதற்கு மறுநாளும். எந்தச் சளியும் இல்லாத மகள், "ஏம்மா வெந்நீரே தர்ற?" என்று சிணுங்கினாள். இந்த மூன்று நாளைத்தான் பின்னால் அவளால் மன்னிக்க முடியவில்லை. சொன்ன பொய்யை அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம், குழாயைத் திருப்பியதை வெட்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுப்பில் கொதித்த தண்ணீருக்கு எந்தப் பெயரும் வைக்க முடியவில்லை.

நான்காம் நாள் வெல்டரின் குழந்தைக்கு வாந்தியும் பேதியும். மூன்று வயசுப் பிள்ளை, துவண்டு தோளில் தொங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாள் அங்கே இருந்தார்கள். வேலை முடிந்து வந்த புறாக்காரர்தான் சந்தில் நின்று, பிள்ளை கஞ்சி குடித்தது, சிரித்தது, பயமில்லை என்று சேதி சொன்னார். அதற்குள் இன்னும் நாலு வீட்டில் வயிறு சரியில்லை. அக்கா மூடியைத் திறந்து, வெள்ளைக் குவளையில் மொண்டு, மூக்கருகே கொண்டுபோனாள். முகத்தைச் சுளித்து, குவளையைத் தெருவிலேயே கவிழ்த்தாள்.

தொட்டி முழுவதையும் இறைத்துக் கொட்டினார்கள். பதினொரு வீட்டுக்காரரும் வரிசையாக நின்று வாளி கைமாற்றினார்கள். தையல்காரியும் நின்றாள். முழங்கை வலிக்க வலிக்க நின்றாள். ஓய்வெடுக்கச் சொன்னபோதும் நகரவில்லை. நல்ல மனசு என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கையிலிருந்த வாளி பாதி அவள் புடவையிலேயே கொட்டியது.

அடித்தண்ணீரை வழித்தபோது, மண்டியில் ஒரு இறகு கிடைத்தது. ஒரே ஒரு வெள்ளை இறகு. காற்றில் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம்; இறகுக்கு வீட்டு எண்ணா ஒட்டியிருக்கிறது? ஆனால் பிள்ளையை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வந்த தகப்பனுக்கு இறகு போதுமானதாக இருந்தது. வெல்டர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, புறாக்காரரைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள்.

புறாக்காரர் தன் மாடி சுத்தமாகத்தான் இருந்தது என்று மெதுவாகச் சொன்னார். வேண்டுமானால் இப்போதே ஏறிப் பார்க்கட்டும் என்றார். மழை கழுவிய மாடியில் இனி என்ன தெரியும் என்று வெல்டர் கேட்டான். அதுவும் நியாயம்தான். புறாக்காரர் ஒரு தடவை மட்டும் தலையைத் திருப்பித் தையல்காரியைப் பார்த்தார். அவள் குனிந்து புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் ஒன்பதாவது வீட்டுக் குழாய் வாய்க்காலோடு சேரும் இடத்தில் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். தொட்டிக்குத் தண்ணீர் தராத வீட்டுக்குத் தொட்டியில் பங்கு கிடையாது. புறாக்காரர் சிமென்ட் பூசுவதை வாசலில் நின்றே பார்த்தார். அந்த வாரமே புறாக்களைச் சாக்குத்துணி போர்த்திய கூடையில் வைத்து, எங்கேயோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வருஷம் பார்த்து மழையும் கைவிரித்தது. கொட்டிய தண்ணீருக்குப் பதில் தண்ணீர் வரவில்லை. தொட்டி பாதிகூட நிறையவில்லை. நாளுக்கு ஆறு குடம் என்றிருந்த பங்கு மூன்று குடமானது. தண்ணீர் அளந்து ஊற்றும்போதெல்லாம் யாராவது ஒருவர் புறாவைத் திட்டினார். தையல்காரி குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். திட்டில் கலந்துகொள்ள மாட்டாள், தடுக்கவும் மாட்டாள். புறாக்காரரின் மனைவி இரண்டு குடத்தோடு மூன்று தெரு தள்ளி இருக்கிற கிணற்றுக்குப் போவதை அவள் மெஷினில் இருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. மெஷினை ஜன்னலைவிட்டுத் தள்ளிப் போட்டாள். காலடிச் சத்தம் கேட்டது.

கடைசியில் ஒருநாள் தாங்காமல் இஸ்திரி வண்டிக்குப் போனாள். மடித்த துணிகளுக்கு நடுவே நின்று, கோணி முதல் வெந்நீர் வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். அக்கா தேய்த்துக்கொண்டிருந்த சட்டையை முழுசாகத் தேய்த்து, மடித்து, மேலே வைத்தாள். பிறகுதான் பேசினாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுக்கா."

"அப்போ வாயை மூடிக்கிட்டு இரு."

தையல்காரி திகைத்துப்போனாள். செருப்பால் அடிப்பாள் என்று எதிர்பார்த்து வந்தவள்.

"உன் மானத்துக்காகச் சொல்லல" என்றாள் அக்கா. "உன் மானம் போனா போகட்டும். இருபது வருஷமா இங்க இருக்கற நீயே சொன்ன வார்த்தை பொய்யாப் போச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் யார் யாரை நம்புவாங்க? நாளைக்கு நான் எந்த வாசல்ல போய் நின்னு கேக்கறது? அவரு ஒரு வீடு. புதுசா வந்தவரு, இன்னிக்கு இருப்பாரு, நாளைக்கு வேற ஊருக்குப் போவாரு. இது பத்து வீடு. பத்து வீடும் அந்த ஒரு வார்த்தையிலதான் நிக்குது."

அந்தப் பேச்சு தையல்காரிக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் கதையே பொய்யாகிவிடும். நெஞ்சிலிருந்து கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. சந்துக்காகவே வாய் திறக்காமல் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று இரவு நன்றாகத் தூங்கவும் செய்தாள். நாலு நாள் இதம் தாங்கியது. ஐந்தாம் நாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே குடம் விழுந்து உருளும் சத்தம். புறாக்காரரின் மனைவி கால் இடறி, நிறைகுடத்தோடு கீழே விழுந்திருந்தாள். எழுந்து, முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு, காலிக் குடத்தோடு மறுபடி கிணற்றுப் பக்கம் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் தையல்காரி தன் மூன்று குடத்தில் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்பதாவது வீட்டு வாசலுக்குப் போனாள். புறாக்காரர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, சீருடைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜையில் இரண்டு தட்டு. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"அண்ணே, இது உங்களுக்கு" என்று குடத்தை இறக்கினாள். "எங்க வீட்டுப் பங்குதான். தினமும் கொண்டுவரேன்."

அவர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கு?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டில் கஷ்டப்படும்போது சும்மா இருக்க முடியுமா என்று அவள் ஏதோ குழறினாள். அவர் நாற்காலியை நகர்த்தி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"தங்கச்சி, புறா இருந்தப்போ நான் தினமும் காலையில மாடியில நின்னவன்" என்றார். குரலில் கோபம் இல்லை. "கொல்லையில புறாவைத் திறந்துவிட்டா அது திரும்பி வர்ற வரைக்கும் மேலதான் இருக்கணும். அங்கேருந்து பதினொரு மாடியும் தெரியும். மழைக்கு முன்னாடி உங்க கோணியைப் பார்த்தேன். மழைக்கு மறுநாள் நீங்க இழுத்துத் தள்ளினதையும் பார்த்தேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பத்து மாதம்; பத்து மாதமாக இந்த மனிதர் தெரிந்துகொண்டே தன்னைக் கடந்து வேலைக்குப் போய்வந்திருக்கிறார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவாங்களா? தன்மேல விழுந்த பழியை அடுத்த வீட்டுமேல தள்றான்னுதான் பேசுவாங்க." கொடியில் மாட்டிய சட்டையை நேராக இழுத்துவிட்டார். "உங்க வாயாலயே வரும்னும் பார்த்தேன்."

பின்கட்டிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. தையல்காரிக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் இவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்து அடக்கினாள். என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

"தண்ணிய எடுத்துட்டுப் போங்க. கிணறு இருக்கு, எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார். "எனக்கு வேண்டியது ஒண்ணுதான். சாவி வச்சிருக்கற அந்தம்மா ஒருநாள் என் வாசல்ல வந்து நின்னு கேக்கணும். நான் சொல்லணும். ஏறிப் பார்க்காம, நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போகணும். போன வருஷம் ஒரே ஒரு தடவை அது நடந்துச்சு. என் வயசுக்கு யாரும் என்னை அப்படி நம்பினதில்ல."

குடத்தை அவள் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். அதைவிடக் கனமாக அவள் வேறெதையும் தூக்கியதில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குக் கேட்கிற நாள் வந்தது. இந்த முறை தையல்காரி ஏணியை மூன்று வாரம் முன்பே பழுது பார்த்து, மாடியைக் கூட்டி, கழுவி, துடைத்தும் வைத்திருந்தாள். மெஷினை மூடிவிட்டு, கணவனையும் லீவு போட வைத்து, வாசலிலேயே நின்றாள். அவனிடம் முதல் நாள் இரவே எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. அவன், நானும் பக்கத்தில் நிற்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தான்.

அக்கா ஏழாவது வீட்டுக்கு வந்தாள். தையல்காரியின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள்.

"கூரை?"

"இந்த வருஷம் சுத்தம். போன வருஷம் சுத்தம் இல்லை" என்றாள் தையல்காரி. எதிர்வீட்டு வாசலில் இருந்த வெல்டருக்கும் அவன் மனைவிக்கும் கேட்கிற மாதிரி, தெருவைப் பார்த்துச் சொன்னாள். "தொட்டி நாறினது என்னாலதான். எங்க மாடியில செத்த எலி கிடந்தது. தெரிஞ்சேதான் குழாயைத் திருப்பினேன். என் பொண்ணுக்கு மட்டும் தண்ணியைக் காய்ச்சிக் குடுத்தேன். ஒன்பதாவது வீட்டு அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல."

ஒவ்வொரு வாசலாக ஆள் வெளியே வந்தது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வெல்டரின் மனைவி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருவைக் கடந்து கிட்டே வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று தையல்காரி நினைத்தாள்; அடி விழட்டும் என்றுதான் நின்றாள்.

"என் பிள்ளை மூணு நாள் உன் வீட்டுத் திண்ணையிலதான் உக்காந்து விளையாடிச்சு" என்றாள் அந்தப் பெண். "நீ அடுப்புல தண்ணி காய்ச்சும்போது."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தையல்காரியை விட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினாள். இனிமேல் யார் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டாள். அக்கா கையில் சாவியை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். ஆறு வீட்டில் கேட்டு வாங்கிய பதில்கள் அவளிடம் இருந்தன. அவற்றை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்று தெரியாதவள் போல நின்றாள்.

அன்றைக்கே பேசி முடிவெடுத்தார்கள். முதல் முடிவில் தகராறே இல்லை. வெல்டர் தானே உளியும் சுத்தியலும் எடுத்துப் போய், ஒன்பதாவது வீட்டு வாய்க்காலில் தான் பூசிய சிமென்ட்டைத் தானே உடைத்தான். உடைத்துவிட்டு, புறாக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, இறகைப் பார்த்துப் பேசியது பெரிய தப்பு என்றான். அவர் பரவாயில்லை என்றார். தையல்காரி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு ஆழமாக இறங்கியது. சொன்னது நல்லதாகப் போயிற்று, பட்ட அவமானத்துக்குப் பலன் கிடைத்தது என்று நினைத்தாள்.

இரண்டாவது முடிவை அவள் அப்போது அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, அக்கா மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள். இந்த முறை அவளோடு வெல்டரும் வந்தான். அவன் தோளில் அவனே பற்றவைத்துச் செய்த புது இரும்பு ஏணி. வீட்டுக்கு வீடு சுவரில் ஏணியைச் சாத்தி, ஏறிப் பார்த்து, இறங்கினான். சிலர் முகத்தைச் சுளித்தார்கள், சிலர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏழாவது வீட்டில் அவன் மற்ற இடத்தைவிடக் கூடுதல் நேரம் மேலே இருந்தான். தையல்காரி தலைகுனிந்து நின்றாள். அது தனக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்பதாவது வீட்டு வாசலில் புறாக்காரர் முன்னதாகவே வந்து நின்றிருந்தார். வேலைக்குப் போகிற நாள் இல்லை. இருந்தும் இஸ்திரி போட்ட சட்டையை மேல்பொத்தான் வரை போட்டிருந்தார். மனைவி பக்கத்தில் நின்றாள். ஏணி ஒவ்வொரு வீடாக வருவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் தன் வாசலில் வேறு மாதிரி நடக்கும் என்று அவர் எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது. அக்கா எதிரே வந்து நின்றதும் நிமிர்ந்தார்.

"தப்பா நினைக்காதீங்க" என்றாள் அக்கா, அவர் கண்ணைப் பார்க்காமல். "எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிதான். இனிமே கேக்கறது இல்ல, பார்க்கறதுதான்."

அவர் வாய் கொஞ்சம் திறந்து அப்படியே நின்றது. சொல்ல வந்தது நாக்கு வரை வந்துவிட்டிருந்தது. தையல்காரி இரண்டு வீடு தள்ளி நின்று அதைப் பார்த்தாள். ஓடிப்போய் அக்காவின் காலைப் பிடித்து, இந்த ஒரு வாசலில் மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்ச வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தச் சந்தில் கெஞ்சுவதற்கு அவளுக்குத்தான் வாய் இல்லாமல் போயிருந்தது.

வெல்டர் ஏணியைச் சுவரில் சாத்தினான். தரை சரிவாக இருந்ததால் அது லேசாக ஆடியது. புறாக்காரர் வாயை மூடிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தார். அவன் விழுந்துவிடாமல் இருக்க, குனிந்து ஏணியின் அடிக்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெல்டர் ஏறினான். மேலே அவன் நடக்கிற காலடி கேட்டது, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு.

"சுத்தம்" என்று மேலேயிருந்து வெல்டர் சொன்னான்.

அக்கா பத்தாவது வீட்டுக்கு நடந்தாள். புறாக்காரர் வெல்டர் இறங்கும் வரை ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.